எலியில் குறைந்த சர்க்கரையும் மனிதருக்கான மருந்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாவரங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சேர்மங்கள் இரண்டாம் வகை நீரிழிவைக் கட்டுப்படுத்துவதாகக் கூறும் செய்திகள் தங்கள் நாளிதழ் உட்படப் பல இதழ்களின் அறிவியல், நலவாழ்வுப் பக்கங்களில் அடிக்கடி வெளிவருகின்றன. மருந்தியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அவற்றை விடாமல் படித்து வருகிறேன். இத்தகைய ஆய்வுகளில் மாணவர்களுக்கு வழிகாட்டியவனும் நான்தான் என்பதால், இக்கடிதத்தை மூலிகை ஆய்வுக்கு எதிரான குரலாகக் கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். என் குறை ஆய்வின் மீதன்று, அது செய்தியாகும் விதத்தின் மீது.

இதை எழுதத் தூண்டியவர் என் மூத்த சகோதரி. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவர். ஏதோ ஓர் இதழில் வந்த 'மூலிகையின் முன் தோற்ற மாத்திரை' என்பது போன்ற செய்தியைக் கத்தரித்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சில மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் அவருடைய ஹெச்பிஏ1சி அளவு 7.2 விழுக்காட்டிலிருந்து 10.1 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. நான் கோபித்துக்கொண்டபோது அந்தத் துண்டுத் தாளை எடுத்து நீட்டி, "பேப்பரில் பொய்யா போடுவார்கள், தம்பி?" என்று கேட்டார். வாங்கிப் படித்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. சோதனை எலிகளிடம் நடந்தது என்பதும் கடைசிப் பத்தியில் இருந்தது. ஆனால் கடைசிப் பத்திவரை படிக்கும் பொறுமை நோயுற்ற ஒருவருக்கு இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

தாவரம் நீரிழிவுக்கு மருந்து தந்ததில்லை என்று வாதிடுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இன்று உலகில் மிக அதிகமாகப் பரிந்துரைக்கப்படும் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினின் வம்சாவளியே ஒரு செடியில்தான் தொடங்குகிறது. கலேகா அஃபிசினாலிஸ் என்ற அந்தச் செடி ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் புழங்கியது. மேய்ச்சல் ஆடுகளைக் கொல்லும் நச்சுச்செடி என்ற கெட்ட பெயரும் அதற்கு உண்டு. அதில் குவானிடின் வகையைச் சேர்ந்த சேர்மங்கள் உள்ளன. குவானிடின் விலங்குகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்பது 1918இல் தெரியவந்தது. செடியிலேயே இருக்கும் கலேஜின் என்ற சேர்மத்தை 1920களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்தது, ஆனால் நச்சுத்தன்மையைத் தாங்க முடியவில்லை, கைவிட்டார்கள். மெட்ஃபார்மின் என்ற மூலக்கூறோ செடியில் இல்லவே இல்லை. 1922இல் டப்ளினில் எமில் வெர்னர், ஜேம்ஸ் பெல் என்ற இரு வேதியியலர்கள் அதை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். இன்சுலின் அப்போதுதான் வந்திருந்ததால் இதைப் பிறகு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1957இல்தான் பாரிஸ் மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் மனிதர்களிடம் அதைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதி வழங்கியது 1994இன் இறுதியில். மாரடைப்பையும் மரணத்தையும் அது குறைக்கிறது என்பதை, உடல் பருமன் கூடிய நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது 1998இல்.

இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடும் ஒரு கிளை இருக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் மெட்ஃபார்மினைவிட வீரியமானது. சில காலம் அதுவே பெரிதும் விரும்பப்பட்டது. ஆனால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கி நோயாளிகள் இறக்க நேர்ந்ததால் 1970களின் இறுதியில் அமெரிக்கா உட்படப் பல நாடுகள் அதை விலக்கின. ஒரே செடியின் ஒரே குறிப்பிலிருந்து பிறந்த மூன்று சேர்மங்களில், செடியில் இயல்பாக இருந்தது நஞ்சாயிற்று, வீரியம் மிக்கது கொன்றது, யாரும் பொருட்படுத்தாதிருந்ததே மருந்தாயிற்று. எது எதுவாகும் என்பதை எலி சொல்லியிருக்க முடியாது. சர்க்கரையைக் குறைத்த வகையில் மூன்றுமே தேர்ச்சி பெற்றவைதான்.

இரண்டாவது எடுத்துக்காட்டு எனக்கு இன்னும் பிடித்தமானது; வகுப்பில் இதைச் சொல்லும்போது தூங்குகிற மாணவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து 1835இல் ஃபுளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். சின்கோனா பட்டையும் கசக்கிறது, அது காய்ச்சலைத் தணிக்கிறது, ஆகவே இதுவும் தணிக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்தது. 1886இல் ஃபான் மேரிங் என்ற ஜெர்மானியர் ஃபுளோரிசினைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதைக் கண்டார். சிறுநீரில் சர்க்கரை என்றால் நீரிழிவு என்பதே அன்றைய புரிதல். எனவே அடுத்த நூறாண்டுக் காலம் இந்தப் பொருள் நோயைப் போலச் செய்து காட்டும் ஆய்வகக் கருவியாகவே இருந்தது. மருந்தாகும் என்று எவரும் எண்ணவில்லை.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. இந்த மீட்பு வேலையின் பெரும்பகுதியைச் செய்வது எஸ்ஜிஎல்டி2 என்ற கடத்திப் புரதம். ஃபுளோரிசின் அதைத் தடுக்கிறது. மீட்கப்படாத சர்க்கரை வெளியேறுகிறது. சர்க்கரை வெளியேறுவது நோயின் அடையாளம் மட்டுந்தானா, அதையே சிகிச்சையாக்க முடியாதா என்று கேள்வியைத் திருப்பிப் போட்ட பிறகே வழி திறந்தது. 1987இல் நீரிழிவு எலிகளுக்கு ஃபுளோரிசினைக் கொடுத்தபோது, சர்க்கரை வெளியேறியதோடு இன்சுலினுக்கு அவற்றின் உடல் செவிசாய்க்கும் திறனும் மீண்டது.

அப்படியானால் ஆப்பிள் பட்டையைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். போதாது. ஃபுளோரிசினில் சர்க்கரைப் பகுதி ஓர் ஆக்சிஜன் அணுவின் வழியே மற்றப் பகுதியோடு இணைந்திருக்கிறது. குடலில் உள்ள நொதி அந்த இணைப்பை வெட்டிவிடும். மேலும் அது சிறுநீரகத்தில் மட்டுமன்றி, குடலில் குளுக்கோஸை உறிஞ்சும் எஸ்ஜிஎல்டி1 புரதத்தையும் தடுப்பதால் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடும். வேதியியலர்கள் ஆக்சிஜன் பாலத்தை நீக்கிவிட்டு, நொதியால் வெட்ட முடியாதபடி கார்பனோடு கார்பனை நேரடியாக இணைத்தார்கள். எஸ்ஜிஎல்டி2ஐ மட்டும் குறிவைக்கும்படி மூலக்கூறின் ஓரங்களையும் மாற்றினார்கள். இப்படிப் பிறந்தவைதான் டாபாகிளிஃபுளோசின், கானாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் முதலிய மாத்திரைகள். ஐரோப்பா 2012இல் முதலாவதை அனுமதித்தது. இதயநோயும் உள்ள நீரிழிவாளர்களிடம் எம்பாகிளிஃபுளோசின் இதய, இரத்தக்குழாய்க் கோளாறுகளால் நேரும் மரணத்தை 38 விழுக்காடு குறைத்தது என்ற 2015ஆம் ஆண்டு முடிவு, சர்க்கரை எண்ணைத் தாண்டியும் ஒரு மருந்து பயன் தரலாம் என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியது. பட்டையிலிருந்து மாத்திரைக்கு வந்து சேர 177 ஆண்டுகள் ஆயின.

இனி, செய்திகளில் வரும் 'ஆய்வகத்தில் நிரூபணம்' என்ற சொற்றொடருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். மாவுப்பொருளைக் குளுக்கோஸாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதியைத் தாவரச் சாறு தடுக்கிறதா என்பதே இத்துறையில் மிகுதியாக நடக்கும் சோதனை. தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட, உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டில் நொதியையும் நிறமற்ற ஒரு வினைப்பொருளையும் இடுவோம். நொதி வேலை செய்தால் குழி மஞ்சளாகும். சாறு அதைத் தடுத்தால் மஞ்சள் வெளிறும். மாணவர்களுக்கு இந்தச் சோதனை பிடிக்கும், ஒரு பகலில் முடிந்துவிடும். ஆனால் பெரும்பாலான ஆய்வகங்களில் பயன்படும் நொதி ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்பட்டது. மனிதக் குடலில் இருப்பது அதுவன்று. ஒப்பிடுவதற்காக வைக்கும் அகார்போஸ் என்ற மருந்து, ஈஸ்ட் நொதியிடம் இயல்பாகவே மிகப் பலவீனமாகத்தான் செயல்படும். ஆகவே ஏறக்குறைய எந்த இலைச்சாற்றைப் போட்டாலும் 'அகார்போஸை விஞ்சியது' என்ற வாசகம் கிடைத்துவிடும். போதாக்குறைக்குத் துவர்ப்புள்ள சாறுகளில் டானின் இருக்கும்; அது எந்தப் புரதத்தோடும் ஒட்டி அதை முடக்கக்கூடியது. தோல் பதனிடப் பயன்படும் குணம் அது. அதைச் சர்க்கரை நோய்க்கான சிறப்பு ஆற்றல் என்று சொல்வது பொருந்தாது. இந்த இரண்டு சறுக்கல்களையும் நானும் என் மாணவர்களும் செய்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

எலிச் சோதனைக்கு வருகிறேன். ஸ்ட்ரெப்டோசோடோசின் அல்லது அலாக்சான் என்ற நச்சைச் செலுத்தி, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்து, எலியின் சர்க்கரையை உயர்த்துவது வழக்கமான முறை. இரண்டாம் வகை நீரிழிவிலோ, இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. கணையம் பல ஆண்டுகளில் மெல்லத்தான் சோர்கிறது. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து நோயை ஓரளவு ஒத்த நிலையை உண்டாக்கும் முறைகளும் உள்ளன. ஆனால் அவற்றுக்கு மாதங்கள் பிடிக்கும், செலவும் ஆகும். நச்சு செலுத்திய எலியில் கிடைத்த முடிவை 'இரண்டாம் வகை நீரிழிவுக்கு மருந்து' என்று எழுதுவது, வேறொரு நோய்க்கான விடையை இந்த நோயின் தாளில் எழுதுவதாகும்.

அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். எலிக்குக் கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் சாறு என்பது இக்கட்டுரைகளில் சாதாரணமாகக் காணப்படும் அளவு. உடற்பரப்பைக் கொண்டு மனிதருக்கு மாற்றும் வழக்கமான முறையில், 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.9 கிராம் உலர்ந்த சாறு ஆகிறது. நூறு கிராம் உலர் இலையிலிருந்து பத்து கிராம் சாறு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், தினமும் 39 கிராம் இலை, அதுவும் வாழ்நாள் முழுவதும். ஒப்பீட்டு மருந்துக்கு எந்த அளவு கொடுத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மெட்ஃபார்மினை எலிக்குப் போதாத அளவில் கொடுத்துவிட்டு, சாற்றைத் தாராளமாகப் புகட்டினால் யார் வெல்வார் என்பதைச் சொல்ல ஆய்வே தேவையில்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் இல்லாமலில்லை. பாகற்காயை எடுத்துக்கொண்டால், 2011இல் வெளியான நான்கு வாரச் சோதனையில் நாளுக்கு 2,000 மில்லிகிராம் அளவில் அதன் பொடி சர்க்கரையின் குறுகிய காலச் சராசரியைச் சற்றுக் குறைத்தது; ஆனால் 1,000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் அளவுக்குக் குறைக்கவில்லை. மறு ஆண்டு, நான்கு சோதனைகளில் இருந்த 479 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்த, மருத்துவச் சான்றுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. அதே ஆண்டு லவங்கப்பட்டைக்கும் பத்துச் சோதனைகள், 577 பேர் என்ற கணக்கில் ஏறத்தாழ அதே தீர்ப்புதான்.

மரமஞ்சள் முதலிய செடிகளில் உள்ள பெர்பெரின் இவற்றைவிட நம்பிக்கையூட்டுவது. 2008இல் வெளியான சீனச் சோதனை ஒன்றில், புதிதாக நோய் கண்ட 36 பேருக்குப் பெர்பெரினோ மெட்ஃபார்மினோ மூன்று மாதம் கொடுத்தபோது இரண்டும் ஒத்த அளவில் சர்க்கரையைக் குறைத்தன. ஆனால் 36 பேர், மூன்று மாதம் என்பது ஒரு தொடக்கம் மட்டுமே. வாய்வழி உட்கொண்ட பெர்பெரினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தை அடைகிறது. வயிற்றுக் கோளாறுகளும் பலருக்கு உண்டாகின்றன. கல்லீரல் நொதிகளை மட்டுப்படுத்தி வேறு மருந்துகளின் இரத்த அளவை உயர்த்தக்கூடியது என்பதால், பல மாத்திரைகள் உட்கொள்ளும் முதியவர்கள் இதைத் தாமாகச் சேர்த்துக்கொள்வது ஆபத்து. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டியது. மரமஞ்சள் என்ற ஒரே பெயர், முற்றிலும் வேறான இரு குடும்பங்களைச் சேர்ந்த செடிகளுக்கு வழங்குகிறது என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறேன். 'மரமஞ்சள் நல்லது' என்று எழுதுகிறவர் எதைச் சொல்கிறார் என்று வாசகர் எப்படி அறிவார்?

மஞ்சளின் குர்குமின் பற்றி 2012இல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 240 பேரில், ஒன்பது மாதத்தில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 16.4 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது, குர்குமின் பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. இப்படிப் பூஜ்யம் வரும்போது மகிழ்வதைவிட, வேறிடங்களில் இதைத் திரும்பச் செய்து பார்க்கச் சொல்வதே என் தொழில் புத்தி. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் இதற்கிடையில் பதிவாகியுள்ளன.

சிறுகுறிஞ்சானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'சர்க்கரைக்கொல்லி' என்ற அதன் பெயரே பாதி விளம்பரம். அதன் இலையை மென்று துப்பிவிட்டு நாவில் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள், மணலைப் போட்டது போல இருக்கும். இலையின் ஜிம்னீமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணர்விகளைச் சற்று நேரம் மறைத்துவிடுகின்றன. ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டுவேன், ஆண்டுதோறும் ஒருவராவது, "அப்போது இரத்தத்திலும் இப்படித்தான் சர்க்கரையை அழிக்குமா, சார்?" என்று கேட்பார். நாவில் மறைந்த இனிப்பு இரத்தத்தில் மறைவதில்லை. இந்தச் செடியின் சாற்றை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 22 நோயாளிகளுக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் கொடுத்த ஆய்வு 1990இல் வெளியானது. சர்க்கரை குறைந்தது, ஐந்து பேர் வழக்கமான மருந்தையே நிறுத்த முடிந்தது. ஆனால் அதில் நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. ஆய்வில் சேர்ந்தவுடனேயே மனிதர்கள் உணவிலும் நடையிலும் கவனம் கொள்ளத் தொடங்கிவிடுவார்கள், அதனாலேயே சர்க்கரை குறையும். எது செடியால், எது கவனத்தால் என்று பிரித்தறியக் குலுக்கலைத் தவிர வேறு வழி இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த 22 பேரையே மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பது எங்கள் துறைக்குப் பெருமையன்று.

'இயற்கையானது, ஆகவே பக்கவிளைவு அற்றது' என்ற வரியைத் தங்கள் பக்கங்களிலிருந்து அறவே நீக்கிவிடுமாறு வேண்டுகிறேன். சர்க்கரையை உண்மையிலேயே குறைக்கும் எதுவும் அளவுக்கு மீறிக் குறைக்கவும் கூடும். இன்சுலினோடோ கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரையோடோ சேர்ந்தால் நோயாளி மயங்கி விழலாம். மூலிகை என்ற பெயரில் விற்பனையாகும் பொருளில் அந்தக் கிளிபென்கிளமைடே மறைவாகக் கலந்திருப்பதும் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. 2008இல் சிங்கப்பூரில், நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டு நால்வர் இறந்ததற்கு, ஆண்மைக் குறைவுக்கென விற்கப்பட்ட, மூலிகைத் தயாரிப்புகள் உள்ளிட்ட சட்டவிரோத மாத்திரைகளில் கலந்திருந்த இந்த மருந்தே காரணம். மூலிகை 'உடனே கேட்கிறது' என்று ஒருவர் சொன்னால், மகிழ்வதற்கு முன் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது.

ஆகவே தாவரச் சேர்மம் பற்றிய செய்தியை வெளியிடும்போது, சோதனை எதில் நடந்தது, தட்டிலா எலியிலா மனிதரிலா என்பதை முதல் வாக்கியத்திலேயே தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மனிதரிடம் என்றால் எத்தனை பேர், எவ்வளவு காலம், எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதும் உடன் வர வேண்டும். சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அவற்றில் படிந்த சர்க்கரையை அளக்கும் ஹெச்பிஏ1சி முழுமையாக மாறவே மூன்று மாதம் ஆகும். இரண்டு வாரச் சோதனையை வைத்துக்கொண்டு 'நீரிழிவு கட்டுப்பட்டது' என்று எழுத இடமில்லை. செய்தியாளருக்கு ஐயம் எழுந்தால், அந்த ஆய்வில் பங்கேற்காத ஒரு மருந்தியலரிடம் இரண்டு நிமிடம் பேசினாலே போதும். நாங்கள் அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள்தான்.

என் சகோதரி மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். அந்தத் துண்டுத் தாளை மட்டும் தர மறுக்கிறார். அதன் கடைசிப் பத்தியில் 'எலிகளிடம்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் நான் வட்டமிட்டிருக்கிறேன். அடுத்த முறை அச்சொல் தலைப்பிலேயே இருக்குமானால் எனக்கு அந்த வேலை மிச்சமாகும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர் ஒருவர்